பனி சுமக்கும் மரங்களுக்கு மேலே: ரீசிதுன்துரியில் ஒரு நாள் ட்ரோன் படப்பிடிப்பு – நிகழ்வு ஆய்வு

பின்லாந்தின் வடகிழக்கில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றே தெற்கே, போசியோ வட்டாரத்தில் இருக்கிறது ரீசிதுன்துரி தேசியப் பூங்கா. 1982-ல் அமைக்கப்பட்டது. பரப்பு 77 சதுர கிலோமீட்டர். அதன் உச்சி கடல் மட்டத்திலிருந்து 465 மீட்டர்தான். மலை என்பதைவிடக் குன்று என்பதே பொருந்தும். ஆனாலும் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் படமெடுப்பவர்கள் தேடிப்போகும் இடம் அது. காரணம், அங்குள்ள ஸ்ப்ரூஸ் மரங்களின் மேல் ஏறி நிற்கும் பனி. கிளை எது, உச்சி எது என்று தெரியாதபடி மரம் முழுவதையும் அது மூடிவிடுகிறது. குனிந்த கிழவர்கள் கூட்டமாக நிற்பதுபோல் சரிவெங்கும் வெள்ளை உருவங்கள் தெரியும். இந்தப் பனிச்சுமையைப் பின்னிஷ் மொழியில் ‘ட்யூக்கு’ என்கிறார்கள். ஒரு பெரிய மரம் டன் கணக்கில் சுமக்கும். சுமை தாங்காமல் உச்சி முறிவதும் உண்டு.

ஜனவரி 25-ஐ ஒட்டிய ஒரு தெளிந்த நாள், ஒரு கேமரா ட்ரோன், நான்கு பேட்டரிகள். இவற்றைக் கொண்டு அந்தக் குன்றை மேலிருந்து எப்படிப் படமாக்குவது, எங்கெங்கே தவறு நேரும், ஏன் நேரும் என்பதே இந்த ஆய்வின் பொருள். கருவியாக டிஜேஐ மேவிக் 3 வகையை எடுத்துக்கொள்கிறோம். எடை 895 கிராம், பேட்டரி 5000 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 77 வாட்-மணி. வேறு கருவி வைத்திருப்பவர்கள் எண்களை மாற்றிக்கொள்ளலாம். கணக்கு போடும் முறை ஒன்றுதான்.

மரத்தில் ஒட்டுவது இறக்கையிலும் ஒட்டும்

முதலில் ட்யூக்கு எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். வானத்திலிருந்து விழும் பனி மட்டும் இவ்வளவு கெட்டியாக மரத்தில் நிற்காது. ஈரக்காற்று குன்றின்மேல் ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. உச்சியும் மேல்சரிவும் அந்த மேகத்துக்குள் நாள்கணக்கில் மூழ்கிக் கிடக்கின்றன. மேகத்தில் இருக்கும் நுண்துளிகள் சுழியத்துக்குக் கீழே போயும் உறையாமல் நீராகவே மிதக்கின்றன. இவற்றை மீக்குளிர் துளிகள் என்பார்கள். ஏதேனும் ஒரு பொருளின்மேல் பட்ட நொடியில் உறைந்து ஒட்டிக்கொள்வது இவற்றின் இயல்பு. மரக்கிளையில் இப்படி அடுக்கடுக்காகப் படிந்த உறைபனியின்மேல் பனித்தூவல் வந்து ஒட்ட, வாரக்கணக்கில் வளர்கிறது ட்யூக்கு.

துளிக்கு மரக்கிளையும் ட்ரோன் இறக்கையும் ஒன்றுதான். சொல்லப்போனால் இறக்கைக்குத்தான் ஆபத்து கூடுதல்: கிளை அசையாமல் நிற்கிறது, இறக்கையின் முன்விளிம்போ நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுழற்சியில் துளிகளைத் தேடிப்போய் மோதுகிறது. ஒன்றிரண்டு நிமிடங்களில் முன்விளிம்பு சொரசொரப்பாகிறது. காற்று இறக்கையின் வடிவத்தை ஒட்டி வழுக்கிச் செல்லாமல் பிய்ந்துபோகிறது. உயர்த்தும் விசை குறைகிறது. அதை ஈடுகட்ட மோட்டார் வேகம் கூடுகிறது, பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் ஏறுகிறது. பிறகு ஒரு இறக்கையிலிருந்து பனித்துண்டு சிதறி, மற்றதில் ஒட்டியே இருந்தால் சமநிலை கெட்டு அதிர்வு வருகிறது. கடைசிக் கட்டம் வரை செயலியில் பெரிய எச்சரிக்கை எதுவும் வராமலே போகலாம். ஏனென்றால் இறக்கையில் பனி இருக்கிறதா என்று பார்க்கும் உணரி இந்த வகை ட்ரோன்களில் கிடையாது.

ஆகவே இந்த இடத்தின் அடிப்படை விதி இதுதான்: மரங்களை அழகாக்கும் வானிலை வேறு, அவற்றைப் படமெடுக்கும் வானிலை வேறு. மேகம் குன்றை மூடியிருக்கும் நாள்கள் மரத்துக்கு உரியவை. மேகம் விலகி, உயர் அழுத்தம் வந்து, வானம் தெளியும் முதல் 24 முதல் 48 மணி நேரம் ட்ரோனுக்கு உரியது. அதற்கு மேல் காத்திருந்தால் காற்றோ சுழியத்துக்கு மேலே போகும் வெப்பமோ சுமையை உதிர்த்துவிடும். பின்லாந்து வானிலை ஆய்வு நிறுவனத்தின் முன்னறிவிப்பில் பார்க்க வேண்டியவை மூன்று: மேக அடித்தளத்தின் உயரம், காற்று வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள இடைவெளி, காற்றின் வேகம். இடைவெளி 2 டிகிரிக்குக் கீழே இருந்து, காற்றும் சுழியத்திலிருந்து மைனஸ் 12 வரையிலான வெப்பத்தில் இருந்தால், வானம் வெளுப்பாகத் தெரிந்தாலும் நம்பக் கூடாது.

முன்னறிவிப்பு எதுவானாலும், இடத்தில் செய்யும் சோதனைதான் கடைசித் தீர்ப்பு. ட்ரோனை 3 மீட்டர் உயரத்தில் 30 நொடி நிறுத்தி இறக்கவும். மோட்டாரை அணைத்தபின், மெல்லிய கையுறை விரலால் ஒவ்வொரு இறக்கையின் முன்விளிம்பையும் தடவிப் பார்க்கவும். வழவழப்பாக இருந்தால் பறக்கலாம். உப்புத்தாள்போல் உரசினால் அன்றைக்கு அவ்வளவுதான். பையில் வைத்துவிட்டு நடந்தே படமெடுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. குன்றின் உயரத்தில் ஒரு மூடுபனித் திட்டு தூரத்தில் நகர்வது தெரிந்தாலும், அதற்குள் நுழைவதற்குப் பதில் அது நம்மை நோக்கி வருகிறதா என்று பார்த்து இறக்கிவிடுவதே முறை.

கீழே கடுங்குளிர், மேலே மிதக்குளிர்

மேவிக் 3-க்குத் தயாரிப்பாளர் தரும் இயக்க வெப்ப வரம்பு மைனஸ் 10 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. லாப்லாந்துப் பக்கம் ஜனவரி என்றால் மைனஸ் 20, 25 சாதாரணம். அப்படியானால் பறக்கவே முடியாதா?

இங்கேதான் நிலத்தின் அமைப்பு உதவுகிறது. தெளிந்த, காற்றில்லாத குளிர்கால நாளில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. குளிர்ந்த கனமான காற்று சரிவில் வழிந்து பள்ளத்தாக்கிலும் ஏரிப்பரப்பிலும் குளம்போல் தேங்குகிறது. மேலே போகப்போகக் குளிர் கூடும் என்ற வழக்கமான விதி தலைகீழாகிறது. கார் நிறுத்துமிடத்தில் மைனஸ் 22 காட்டும்போது உச்சியில் மைனஸ் 10 இருப்பது வியப்பில்லை. அதனால் காரின் வெப்பமானியைப் பார்த்துத் திட்டத்தைக் கைவிட வேண்டாம். அதை நம்பிப் பள்ளத்திலிருந்து ட்ரோனைக் கிளப்பவும் வேண்டாம். ஒரு சிறு வெப்பமானியைப் பையின் வெளிப்புறத்தில் தொங்கவிட்டு ஏறுங்கள். உச்சியில் மைனஸ் 10-ஐ விடக் குளிர் என்றால் உற்பத்தியாளர் சொன்ன எல்லைக்கு வெளியே பறக்கிறோம் என்று பொருள். எங்கள் பரிந்துரை, பறக்காதீர்கள் என்பதே. அத்தகைய குளிரில் தொழில்முறையாக வேலை செய்ய வேண்டியவர்களுக்கு மைனஸ் 20 வரை அனுமதியுள்ள மேட்ரிஸ் 30 போன்ற கருவிகள் இருக்கின்றன.

குளிர்க்காற்று அடர்த்தியானது. ஒரே அழுத்தத்தில், மைனஸ் 10-ல் உள்ள காற்று 15 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு அடர்த்தி கூடியது. இறக்கைக்கு இது நல்லது. கொஞ்சம் குறைந்த சுழற்சியிலேயே தூக்கிவிடும். ஆனால் பேட்டரியில் இழப்பது இந்த ஆதாயத்தைவிட அதிகம்.

பேட்டரிக் கணக்கு

லித்தியம் பேட்டரி குளிரில் ‘தீர்ந்துபோவதில்லை’. உள்ளே வேதிவினையும் அயனிகளின் நகர்வும் மந்தமாகி உள்மின்தடை ஏறுகிறது. அதே மின்னோட்டத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. திரையில் 55 விழுக்காடு இருக்கும்போதே திடீரென எச்சரிக்கை வந்து ட்ரோன் தானாக இறங்கத் தொடங்குவதன் காரணம் இதுதான். ஆகவே விழுக்காட்டோடு, பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் திரையில் வைத்திருக்க வேண்டும். எந்தச் செல்லாவது 3.5 வோல்ட்டைத் தொட்டால் உடனே திரும்பவும். செல்களுக்கிடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு தெரிந்தால் அந்தப் பேட்டரியை அன்றைய கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

காற்றில்லாத நிலையில் அந்தரத்தில் நிற்க 40 நிமிடம் என்கிறது தயாரிப்பாளர் குறிப்பு. சூடாக ஏற்றப்பட்ட பேட்டரியே ஆனாலும், மைனஸ் 10-ல் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை கொள்ளளவு போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 27 முதல் 30 நிமிடம். அதில் 35 விழுக்காட்டைத் தொடாத இருப்பாக ஒதுக்கினால் 17 முதல் 19 நிமிடம். திட்டத்தில் 17 என்றே எழுதுங்கள். நான்கு பேட்டரிக்கு மொத்தம் 68 நிமிடம். இதுதான் அந்த நாளின் முழுச் செல்வம்.

பேட்டரிகள் சட்டைக்கும் உள்கோட்டுக்கும் நடுவே, உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். செருகும்போது 25 டிகிரி இருப்பது நல்லது. 15-க்குக் கீழே என்றால் கிளம்ப வேண்டாம். கைச்சூட்டுப் பொட்டலம் வைத்த சிறு பையும் பயன்படும், ஆனால் பொட்டலம் பேட்டரியை நேரடியாகத் தொடாமல் நடுவே ஒரு துணி இருக்கட்டும். கிளம்பியதும் 2 மீட்டரில் 60 முதல் 90 நொடி நிறுத்தி வையுங்கள். தன் சுமையிலேயே பேட்டரி உள்ளிருந்து சூடாகும். முதல் மூன்று நிமிடம் முழு வேக ஏற்றமும் ஸ்போர்ட் என்ற அதிவேக முறையும் வேண்டாம். எப்போதும் எதிர்காற்றில் போய், பின்காற்றில் திரும்புங்கள். வெளியில் சார்ஜ் ஏற்றும் எண்ணமும் வேண்டாம். இந்தப் பேட்டரிகள் 5 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற மறுக்கும், அது நம் நன்மைக்கே.

பேட்டரியைச் சூடாக வை, ட்ரோனைக் குளிராக வை. பலர் செய்யும் தவறு இரண்டையும் சேர்த்துச் சூடான காரிலிருந்து எடுத்து நேரே பறக்கவிடுவது. சூடான உடல்மேல் விழும் பனித்தூள் உருகும், நீர் கிம்பலின் (கேமராவைத் தாங்கி அசைவைச் சமன்செய்யும் அமைப்பு) இடுக்கில் இறங்கும், பிறகு உறையும். கேமரா ஆட முடியாமல் ‘கிம்பல் மோட்டார் சுமை மிகுதி’ என்ற பிழை வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். பேட்டரி இல்லாத ட்ரோனைப் பையிலேயே வைத்து அரைமணி நேரமாவது வெளிக்குளிரில் ஆறவிடுங்கள். நடந்து ஏறும் நேரமே இதற்குப் போதும்.

சட்டம்

ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, கேமரா உள்ள ட்ரோனை இயக்குபவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். எடை 250 கிராமுக்குக் கீழே என்றாலும் விலக்கில்லை. இந்தியாவிலோ இலங்கையிலோ செய்த பதிவு அங்கே செல்லாது. முதலில் பறக்கப்போகும் உறுப்பு நாட்டில், அதாவது பின்லாந்தில் என்றால் ட்ராஃபிகாம் என்ற போக்குவரத்து, தகவல்தொடர்பு முகமையில், பதிந்து அந்த எண்ணை ட்ரோனில் ஒட்ட வேண்டும். சி1 என்ற ஐரோப்பிய வகை முத்திரையுள்ள, 900 கிராமுக்குக் குறைந்த கருவிக்கு இணையவழித் தேர்வும் உண்டு. தரையிலிருந்து உயரம் 120 மீட்டருக்குள், ட்ரோன் எப்போதும் கண்பார்வைக்குள். அருகில் கூசாமோ விமான நிலையம் இருப்பதால் கிளம்பும் நாளன்று வான்பகுதி வரைபடத்தையும், பூங்காவின் சொந்த விதிகளையும் பாருங்கள்.

இரவில் பச்சை மினுக்கு விளக்கு கட்டாயம். விளக்கைத் தனியாக வாங்கி ஒட்டலாம் என்றால், 895 கிராம் கருவியில் சி1 வரம்புக்கு மிச்சம் 5 கிராம்தான்! நல்லவேளையாக, விதியின் கணக்கில் இரவு என்பது சூரியன் அடிவானுக்கு 6 டிகிரிக்கும் மேலாகக் கீழே இருக்கும் நேரத்தையே குறிக்கிறது. ஜனவரி 25-ல் அங்கே ஏறத்தாழ காலை 8:20 முதல் மாலை 4:15 வரை விதிப்படி பகல்.

120 மீட்டர் விதியைக் குன்றில் அறியாமல் மீறுவது மிக எளிது. திரையில் தெரியும் உயரம் கிளம்பிய புள்ளியிலிருந்து கணக்கிடப்படுவது. உச்சியில் கிளம்பி 60 மீட்டரில் சரிவின்மேல் பறந்து, தரை 100 மீட்டர் இறங்கிய இடத்துக்குப் போய்விட்டால், திரையில் 60, உண்மையில் 160. தலைகீழாக, பாதிச் சரிவில் கிளம்பி மேல்நோக்கிப் பறந்தால் திரை 40 என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மரவுச்சி வந்துவிடும். முன்கூட்டியே சமவுயரக்கோட்டு வரைபடத்தில் பறக்கும் பாதையைக் கோடிட்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் தரையின் உயரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள்.

ஒளி தெற்கிலிருந்து மட்டும்

66.2 டிகிரி அட்சரேகையில் ஜனவரி 25-ல் சூரியன் தென்கிழக்கில் 141 டிகிரித் திசையில் எழுந்து தென்மேற்கில் 219 டிகிரியில் மறைகிறது. உதயம் சுமார் 9:30, உச்சம் 12:18, மறைவு 3:05. உச்சத்திலும் அடிவானுக்கு மேலே 4.8 டிகிரிதான். நம் ஊரில் விடிந்து இருபது நிமிடத்தில் சூரியன் எட்டும் உயரம் அது.

இதிலிருந்து படத்துக்கான எல்லாம் பிறக்கின்றன. சமதரையில் 10 மீட்டர் மரத்தின் நிழல் நண்பகலில் 120 மீட்டர் நீளும். பிப்ரவரி 15-ல் அதே மரத்துக்கு 51 மீட்டர். மார்ச் 1-ல் 34. மேலிருந்து செங்குத்தாகப் பார்க்கும் படத்தில் மரம் ஒரு வெண்புள்ளி. அதற்கு உருவம் தருவது நிழல்தான். ஆகவே நிழல் நீளம் எவ்வளவு வேண்டும் என்பதை வைத்தே பயணத் தேதியைத் தேர்ந்தெடுக்கலாம். வடக்கு நோக்கிய சரிவு 100 மீட்டருக்கு 8 மீட்டருக்கு மேல் இறங்கினால், அன்று முழுவதும் அங்கே நேரடி வெயில் விழாது. அந்தப் பக்கம் நீல நிழலாகவே கிடக்கும். அது குறையல்ல. ஒளிபட்ட தெற்குச் சரிவும் நீல வடக்குச் சரிவும் சந்திக்கும் முகட்டுக் கோடுதான் இந்தக் குன்றின் மிக அழகான கோடு என்று தயங்காமல் சொல்வோம்.

திசைகளைத் தேர்வதும் எளிதாகிறது. கேமரா கிழக்கையோ மேற்கையோ பார்த்தால் பக்க ஒளி. மரங்களின் திரட்சி தெரியும். தெற்கைப் பார்த்தால் எதிரொளி. பனிவிளிம்புகள் பொன்னாக மின்னும், ஆனால் லென்ஸில் ஒளிக்கறை வரும். வடக்கைப் பார்த்தால் முன்னொளி, மரங்கள் தட்டையாகிவிடும். உதயத்துக்கு முன் மட்டும் இது மாறும்: அப்போது வடமேற்கு அடிவானில் பூமியின் நிழல் நீலப்பட்டையாகவும் அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டையும் தெரியும். வெண்மரங்களுக்குப் பின்னணியாக அதைவிட நல்லது கிடையாது.

நான்கு பறப்புகள்

கிளம்பும் இடத்துக்கு, காலில் கட்டும் பனிநடைச் சட்டங்களால் 2 மீட்டருக்கு 2 மீட்டர் மிதித்துக் கெட்டியாக்கி, 15 நிமிடம் விட்டுவிடுங்கள். மிதித்த பனி தானாக இறுகும். அதன்மேல் 75 சென்டிமீட்டர் ஆரஞ்சு நிற இறங்குவிரிப்பு, ஓரங்களில் பனி வைத்து அழுத்தியது. இது அழகுக்கல்ல. தூள்பனியில் நேரே கிளம்பினால் இறக்கைக் காற்றில் எழும் பனிமேகத்தை ட்ரோனே உறிஞ்சிக்கொள்ளும். மேலும் கீழ்நோக்கும் பார்வை உணரிகளுக்கு வெறும் வெண்மையில் பிடிமானம் இல்லை. இடம் பிடிக்கத் தெரியாமல் நகரும். கிளம்பியவுடன் தயங்காமல் 3 மீட்டருக்கு ஏறிவிடுங்கள். திரும்பி இறங்கும்போது தானியங்கி இறக்கத்தை 5 மீட்டரில் நிறுத்தி, கையால் விரிப்பின்மேல் கொண்டுவாருங்கள். தடித்த கையுறையோடு கையில் பிடிப்பதை நாங்கள் ஆதரிப்பதில்லை. விரல் எங்கே இருக்கிறது என்று கையுறைக்குள் தெரியாது.

திசைகாட்டிச் சீரமைப்பைக் காருக்கும் பனிவண்டிக்கும் தள்ளியே செய்யவும். வடக்கே போகப்போக பூமியின் காந்தப்புலம் செங்குத்தாகத் தரைக்குள் இறங்குகிறது. திசை காட்டும் கிடைக்கூறு மெலிகிறது. சென்னையில் பொருட்படுத்தத் தேவையில்லாத ஓர் இரும்புத்துண்டு அங்கே திசையைக் கெடுக்கும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் பாதைச் சாய்வு 55 டிகிரி என்பதால் இந்த அட்சரேகையில் அவை நேர் தலைக்கு மேலே வருவதில்லை. எண்ணிக்கை போதும், ஆனால் மரங்களுக்கிடையே நின்றால் மறைக்கப்படும். திறந்த வெளியில் கிளப்புங்கள். 2022 முதல் பின்லாந்தின் கிழக்குப் பகுதிகளில் ஜிபிஎஸ் குறுக்கீடுகள் பதிவாகிவருவதும் நினைவில் இருக்கட்டும். இருப்பிடம் தொலைந்து, கீழே பனி வெறும் வெண்மையாகவும் இருந்தால், ட்ரோன் தன்னை நிறுத்திவைக்க முடியாமல் காற்றோடு மிதக்கும். அப்போது பதறாமல் காற்றுக்கு எதிராகக் குச்சியைத் தள்ளிக் கையால் கொண்டுவரத் தெரிந்திருக்க வேண்டும். ஊரிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

முதல் பறப்பு 8:50 முதல் 9:07 வரை. உயரம் 20 முதல் 30 மீட்டர், கிம்பல் மைனஸ் 10 முதல் 20 டிகிரி, பார்வை வடமேற்கு. ஒளி குறைவு என்பதால் தடையுணரிகளை நம்ப முடியாது. மரவுச்சியிலிருந்து 10 மீட்டராவது மேலே இருங்கள். பனி மூடிய மெல்லிய கொம்பை உணரி பார்ப்பதேயில்லை.

இரண்டாவது 9:50 முதல் 10:07 வரை. சூரியன் ஒரு டிகிரி சொச்சம். கிழக்கு, மேற்குப் பார்வைகள், முகட்டுக் கோடு, அகலப்படத் தொகுப்பு. ஒளி நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் 21 படங்கள் கொண்ட தொகுப்பை 90 நொடிக்குள் முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் இடதுகோடி சிவப்பும் வலதுகோடி மஞ்சளுமாக ஒட்டுவதற்கே வராது. படங்களுக்கிடையே 30 விழுக்காடு மேல்பொருந்தட்டும். கீழே பள்ளத்தில் மூடுபனி தேங்கி, கித்கா ஏரிகளின் பக்கம் வெண்கடல்போல் தெரிந்தால் அதை மேலிருந்து எடுங்கள், அதற்குள் இறங்காதீர்கள்.

மூன்றாவது 12:10 முதல் 12:27 வரை, செங்குத்துப் படங்களுக்கு. 80 மீட்டர் உயரத்தில் ஒரு படம் தரையில் ஏறத்தாழ 115 மீட்டருக்கு 86 மீட்டர் பிடிக்கும். 10 மீட்டர் மரத்தின் நிழல் அதில் அடங்காது. 5 மீட்டர் மரங்கள் உள்ள மேல்சரிவுக்குப் போங்கள். 60 மீட்டர் நிழல் நன்றாக உட்காரும். படத்தின் நீளவாட்டத்தை வடக்கு-தெற்காகத் திருப்பி வையுங்கள். இந்தப் பூங்காவின் தனித்தன்மையான சரிவுச் சதுப்புகள் குளிர்காலத்தில் மரமில்லாத வெண்பட்டைகளாகத் தெரியும். மரநிழல்கள் அவற்றின்மேல் கோடுகளாக விழும் இடத்தைத் தேடுங்கள்.

நான்காவது பேட்டரி மறைவு நேரத்துக்கு, 2:55 முதல். முந்தைய பறப்புகளில் ஏதேனும் தவறிப்போனால் இது இருப்பு. காற்று 7 மீட்டர்/நொடியைத் தாண்டினால் எந்தப் பறப்பும் வேண்டாம்.

பார்வைத் தூரத்தை 300 மீட்டராக வைத்துக்கொள்வது நல்லது. சாம்பல் ட்ரோன், வெளுத்த வானம். ஒருமுறை கண் விலகினால் மறுபடி பிடிப்பது கடினம். இன்னொன்று, இது கலைமான் வளர்ப்புப் பகுதி. குளிர்காலத்தில் அவற்றின் உடலில் உள்ள கொழுப்பு வசந்தம்வரை வர வேண்டும். ட்ரோன் சத்தத்துக்கு ஆழ்பனியில் ஓடவிடுவது அதைத் திருடுவதற்குச் சமம். காட்டுக்கோழி இனப் பறவைகள் பனிக்குள் குழி பறித்து அதன் கதகதப்பில் படுத்திருக்கும். தாழப் பறந்து அவற்றைக் கிளப்பிவிட்டால் அந்தக் கதகதப்பு போய்விடும். விலங்கின் தடம் புதிதாகத் தெரிந்தால் வேறு பக்கம் திரும்புங்கள்.

கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைனஸ் 20-ல் நொடிக்கு 5 மீட்டர் காற்று இருந்தால் தோலுக்கு அது மைனஸ் 30. மெல்லிய உள்கையுறை, அதன்மேல் ரிமோட்டையும் சேர்த்து மூடும் உறை என்ற இரட்டை ஏற்பாடு வேண்டும். போனைத் திரையாகப் பயன்படுத்தினால் குளிரில் சட்டென்று அணைந்துவிடும். தனித்திரை உள்ள ரிமோட் மேல். பின்லாந்தின் 112 அவசரச் செயலியைப் போனில் ஏற்றி, அந்தப் போனை உள்சட்டைப் பையில் வையுங்கள்.

வெளிச்ச அளவும் நிறமும்

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். பனி அழுக்காகத் தெரிவது அதனால்தான். வெளிச்ச அளவை 0.7 முதல் 1.3 நிறுத்தம்வரை (ஒரு நிறுத்தம் என்பது ஒளி இரட்டிப்பாவது) கூட்டுங்கள். கூட்டும்போது வெண்மை வெடித்துவிடாமல், ஒளி அளவுகளைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள்; வெயில் பட்ட பனியின் நுணுக்கம் போனால் எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/4 முதல் 5.6, சுருக்காத ரா கோப்பு (உணரி பதிந்த மூலத் தரவு). எதிரொளியில் 0.7 நிறுத்த இடைவெளியில் ஐந்து படங்கள். போலரைசர் என்ற ஒளிவடிகட்டி வேண்டாம், அகல லென்ஸில் வானத்தை ஒருபக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளுப்பாகவும் ஆக்கும்.

வெண்சமநிலையை 5500 கெல்வினில் பூட்டிவிடுங்கள். தானாக மாறவிட்டால் தொகுப்பின் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறம். பிறகு மென்பொருளில் பனியின்மேல் நிறத்துளிக் கருவியை அழுத்தி ‘வெள்ளையாக்கும்’ பழக்கம் இந்தப் படங்களைக் கொன்றுவிடுகிறது. 5 டிகிரிச் சூரியனின் ஒளி இளஞ்சிவப்பானது. அது பட்ட பனியும் இளஞ்சிவப்பானதே. நிழல் பகுதிக்கு ஒளி தருவது வானம். அதனால் அது நீலம். இரண்டையும் சாம்பலாக்கினால் மிஞ்சுவது எந்த ஊர்ப் பனி என்றே தெரியாத ஒரு வெள்ளை. வெயில் பட்ட பனியை 8 பிட் அளவில் (0 கருப்பு, 255 வெள்ளை) 235 முதல் 245-க்குள் நிறுத்தி, நிழலின் நீலச் செறிவை மட்டும் சற்றே தணித்தால் போதும்.

திரும்பும்போது

குளிர்ந்த ட்ரோனைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுபோனால், அறையின் ஈரம் அதன்மேல் வேர்க்கும். லென்ஸின் உட்பக்கமும் மின்சுற்றுப் பலகையும் நனையும். வெளியிலேயே நினைவட்டையையும் பேட்டரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருக்கும் பனியை மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் உறையும். ட்ரோனைக் காற்றுப்புகாத ஜிப் பையில் அடைத்து, அதற்குப் பிறகே உள்ளே எடுத்துச்செல்லுங்கள். 2 முதல் 3 மணி நேரம் பையைத் திறக்க வேண்டாம். வேர்வை பையின் வெளிப்பக்கத்தில் மட்டும் படியும். இறக்கைகளை விளக்கொளியில் வளைத்துப் பாருங்கள். குளிரில் பிளாஸ்டிக் விறைத்து மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம், பெரும்பாலும் திருகாணிக்குப் பக்கத்தில். விரிசல் ஒன்றில் தெரிந்தாலும் அந்த ஜோடியையே மாற்றுங்கள். உதிரியாக இரண்டு முழுத் தொகுதி இருக்கட்டும். பேட்டரிகளைத் தொட்டுப்பார்த்து, அறை வெப்பத்துக்கு வந்தபிறகு சார்ஜில் போடுங்கள்.